கோழி மீது சுமத்தப்பட்ட பழி

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களும், சேலையூர் கேம்ப் ரோட்டில் பிராணித் தீவனம் விற்கும் கடைகளின் வாசலில் நின்று பேசுகிறவர்களும், வேறு எந்த விஷயத்தில் தங்களுக்குள் அபிப்பிராய பேதம் கொண்டிருந்தாலும், ஒரு விஷயத்தில் மட்டும் ஏகமனதாக இருப்பதை நான் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். நாய் உடம்பைச் சொறிந்தால் அதற்குக் காரணம் கோழி; கோழி சூடு; அதை நிறுத்திவிட்டுத் தயிர்சாதம் போட்டால் உடம்பு குளிர்ந்து அரிப்பு அடங்கிவிடும் என்பதே அந்த அபிப்பிராயம். சற்று வசதி படைத்தவர்கள் தயிர்சாதம் இருந்த இடத்தில், உறையின்மேல் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’, அதாவது ஒவ்வாமை தராதது, என்று அச்சிட்ட ஒரு பையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். செலவில் வித்தியாசம் உண்டே தவிர, சித்தாந்தத்தில் இவ்விரு தரப்பாருக்கும் வித்தியாசம் கிடையாது. சில உணவுகள் சுபாவத்திலேயே ஒவ்வாமையை விளைவிப்பவை, சில உணவுகள் சுபாவத்திலேயே குற்றமற்றவை என்று இருவருமே நம்புகிறார்கள். இந்தச் சித்தாந்தம் அடியோடு பிழையானது என்பதும், அந்தப் பிழையின் பலனை வாயில்லாப் பிராணிகள் மாதக்கணக்கில் அனுபவிக்கின்றன என்பதும் என் கட்சி.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில் அது அலட்சியமாகத் தள்ளத்தக்க இடத்திலிருந்து வரவில்லை. சொறியும் சிரங்கும் கண்ட குழந்தைக்குக் கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்று விலக்கிவைத்த நம் பாட்டிமாரின் ‘கரப்பான் பண்டம்’ என்ற கருத்தும், எந்தப் பொருளையும் சூடு, குளிர்ச்சி என்று இரு பக்கமாகப் பிரித்து, வியாதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து உணவைத் தேர்ந்த நம் வைத்திய மரபும், மருந்தைவிட பத்தியமே பெரிது என்ற ஓர் உயர்ந்த எண்ணத்தின்மேல் எழுந்தவை. அந்த எண்ணத்தை நான் மறுக்கவில்லை. கட்டுரையின் பிற்பகுதியில் அதையே துணைக்கு அழைக்கப் போகிறேன். நான் மறுப்பது அந்தப் பட்டியலை. கரப்பான் பண்டங்களுக்குப் பட்டியல் உண்டு. ஒவ்வாமைக்கு எல்லா உயிருக்கும் பொதுவான பட்டியல் என்பது கிடையாது.

காரணம் இது. ஒவ்வாமை உணவுக்குள் குடியிருக்கும் குணமன்று. ஒரு பிராணியின் உடம்பு, தான் பலகாலம் உண்டு பழகிய ஒரு புரதத்தை, ஏதோ ஒரு சமயத்தில் சத்துரு என்று தவறாக அடையாளம் கண்டுகொண்டு, அந்தத் தவற்றை அதன் பிறகு மறக்க மறுப்பதற்கே ஒவ்வாமை என்று பெயர். ஆகவே, எதை அந்தப் பிராணி உண்டதோ அதன்மேல்தான், அல்லது அதற்கு நெருங்கிய உறவுள்ள ஒன்றின்மேல்தான், அதற்கு ஒவ்வாமை ஏற்படும். நாவில் ஒருநாளும் படாத பொருளின்மேல் பகை கொள்ள உடம்புக்குக் காரணமில்லை. ஓர் உணவு ஒவ்வாமையற்றதா என்ற கேள்விக்கு அந்த உணவைப் புரட்டிப் பார்த்து விடை சொல்ல முடியாது. அந்த நாய் குட்டிப் பருவம் முதல் எதை எதைத் தின்று வளர்ந்தது என்ற சரித்திரத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆட்டிறைச்சிக்கு ஒவ்வாமையற்ற உணவு என்ற கீர்த்தி இருந்தது. அங்கே நாய்கள் ஆட்டிறைச்சியை உண்டதில்லை என்பதைத் தவிர அந்தக் கீர்த்திக்கு வேறு ஆதாரம் இல்லை. ஆட்டிறைச்சியும் அரிசியும் கலந்த தீவனம் கடைகளில் பெருகி, நாய்கள் அதை வருஷக்கணக்கில் உண்ட பிறகு, ஆட்டிறைச்சிக்கு ஒவ்வாமை கொண்ட நாய்களும் தோன்றின. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டெலும்பு கடிக்கும் தாம்பரத்து நாய்க்கு, அந்த அமெரிக்கக் கீர்த்தியை நம்பி ஆட்டிறைச்சித் தீவனம் வாங்கிப் போடுவதில் என்ன பொருள் இருக்க முடியும்?

2016-இல் ரால்ஃப் முல்லர், தியெரி ஒலிவ்ரி, பாஸ்கல் ப்ரெலோ என்ற மூன்று கால்நடை மருத்துவர்கள், உணவு ஒவ்வாமை நிச்சயமாக நிரூபிக்கப்பட்ட 297 நாய்களின் விவரங்களை, அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளிலிருந்து ஒன்று திரட்டினார்கள். அவற்றுள் மாட்டிறைச்சியால் துன்புற்றவை நூற்றுக்கு 34, பாலும் பால்பொருளும் 17, கோழி 15, கோதுமை 13, அரிசி இரண்டே. கோழிக்கு முந்திய ஸ்தானத்தில் பால் நிற்பதை அருள்கூர்ந்து கவனிக்க வேண்டும். குளிர்ச்சி என்று நாம் கொண்டாடும் தயிர், புளித்துவிட்டதால் பாலின் புரதத்தை இழந்துவிடுவதில்லை. இந்த எண்களை வைத்துக்கொண்டு, கோழியை விடுவித்துப் பாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்படி நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நானும் ஒரு புதிய பட்டியலைத் தயாரித்தவனாவேன். இவை, அந்தந்தத் தேசத்து நாய்கள் எதை அதிகமாக உண்டனவோ அதைக் காட்டும் எண்கள். நங்கநல்லூரில் ஒரு சைவ வீட்டில், பாலும் தயிரும் நெய்ச்சோறுமாகவே வளர்ந்த ஒரு நாய்க்கு உணவு ஒவ்வாமை உண்டானால், அதற்குப் பெரும்பாலும் பாலே காரணமாக இருக்கும். அதுவரை அந்த நாயின் வாயில் படாத கோழியே அதற்கு ஒவ்வாமையற்ற உணவாக அமையும். இது கேட்பவர்களுக்கு விபரீதமாகத் தோன்றுகிறது. ஆனால் இந்த விஷயத்தின் சாரம் முழுவதும் இந்த விபரீதத்திலேயே அடங்கியிருக்கிறது.

இனி, அதைவிட அடிப்படையான கேள்விக்கு வருகிறேன்: சொறியும் நாய்க்கெல்லாம் உணவுதான் காரணமா? 2017-இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பின்படி, ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவரிடம் வரும் நாய்களில் உணவு ஒவ்வாமை உள்ளவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அரிப்பு என்று வரும் நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி மாறுபட்டு, 9 முதல் 40 வரை. மிக அதிகமான கணக்கை ஏற்றுக்கொண்டாலும், அரிக்கும் நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் உபாதைக்கும் அவற்றின் தட்டுக்கும் சம்பந்தமில்லை என்றாகிறது.

இந்த இடத்தில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பருவம் மாறினாலும் மாறாமல் வருஷம் முழுவதும் அரிப்பு இருந்தால் உணவைச் சந்தேகிக்க வேண்டும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. உறைபனி விழுந்து, பூச்சி புழுக்கள் வெளியில் ஒடுங்கும் தேசத்தில் அது நியாயமான லட்சணம். தை மாதத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உறங்கும் பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும், உண்ணிக்கும் தெள்ளுக்கும் விடுமுறை மாதமே கிடையாது. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களுக்கும் கிடையாது. ஆகையால், நம் நாய் வருஷம் முழுவதும் சொறிகிறது என்பது இங்கே எதையும் நிரூபிப்பதில்லை. ஐப்பசி மழையில் நனைந்து காதுக்குள் ஈரம் தங்கிய நாயின் காதில், பழுப்பு நிறமான மெழுகும், புளித்த மாவைப் போன்ற ஒரு வாடையும் வருமே, அது ஈரத்தில் பெருகிய ஈஸ்ட் பூஞ்சையின் வேலை. அதற்குச் சோற்றை மாற்றிப் பயனில்லை. தன் நாய்க்குத் தெள்ளே கிடையாது என்று சத்தியம் செய்பவர்களை நான் ஒரு காரியம் செய்யச் சொல்வது வழக்கம். பேன்சீப்பால் வால் தொடங்கும் இடத்தில் முதுகை நன்றாக வாரி, பற்களில் சிக்கிய கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்க வேண்டும். அது மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். ஒவ்வொரு பொடியையும் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு கறை கரைந்து பரவினால், அது தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்கு நாலைந்து கடியே போதும். தெள்ளு கண்ணில் படவும் வேண்டியதில்லை. அந்த வெள்ளைத் துணியைப் பார்த்த பிறகு கோழியைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு.

“நீங்கள் என்ன சொன்னாலும் சரி, நான் கோழியை நிறுத்தினேன், அரிப்பு நின்றது, இதைவிடப் பிரத்தியட்சம் என்ன வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கோழியை நிறுத்திய அதே வாரத்தில் அரிப்புக்கு ஓர் ஊசியும் போடப்பட்டது, உண்ணிக்கு ஒரு மாத்திரையும் கொடுக்கப்பட்டது, வழக்கமாகப் போடும் பிஸ்கட்டும் பயத்தினால் நிறுத்தப்பட்டது, மழையும் ஓய்ந்தது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணம் என்று ஒப்புக்கொள்ள இரண்டு நிபந்தனைகள் விதித்தார்கள்: அது உள்ளபோது இது உண்டாக வேண்டும், இது அன்வயம், அது இல்லாதபோது இது இல்லாமற் போக வேண்டும், இது வியதிரேகம். கோழியை நிறுத்தியவர் வியதிரேகத்தை மட்டும் பார்த்தார், அதையும் நாலு மாறுதல்களுக்கு நடுவே பார்த்தார். மீண்டும் கோழியைக் கொடுத்து, மற்ற எதையும் மாற்றாமல், அரிப்பு திரும்புகிறதா என்று பார்க்கும் அன்வயத்தை அவர் செய்யவே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இன்றைய கால்நடை மருத்துவம் அங்கீகரிக்கும் ஒரே நம்பகமான வழி இதுவேதான்: ஒதுக்கிப் பார்ப்பது, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. ரத்தத்தை எடுத்தும், மயிரையும் எச்சிலையும் தபாலில் அனுப்பியும் நீண்ட பட்டியல் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. மயிர், எச்சில் பரிசோதனையைச் சோதித்துப் பார்க்க விரும்பிய அமெரிக்க மருத்துவர்கள், நாயின் மாதிரிகளோடு, நாயே இல்லாத மாதிரிகளையும், அதாவது செயற்கை மயிரையும் எச்சிலே கலவாத திரவத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். இல்லாத அந்த நாய்க்கும் ஒவ்வாமைகள் பல இருப்பதாக முடிவு வந்தது. 2019-இல் அது பிரசுரமாயிற்று.

விலை உயர்ந்த பையை நான் முழுவதும் நிராகரிக்கவில்லை. புரதத்தை உடம்பு அடையாளம் கண்டுகொள்ள முடியாத அளவுக்குச் சிறு சிறு துணுக்குகளாகச் சிதைத்துச் செய்யும் தீவனம், மருத்துவரின் கையில் ஒரு நல்ல கருவி. ஆனால் அது கருவியே ஒழிய, குணம் தரும் மருந்தன்று. சிதைத்த கோழிப் புரதத்தால் செய்த தீவனம் கோழிக்கு ஒவ்வாத சில நாய்களிடம் அரிப்பை எழுப்பவும் செய்கிறது. துணுக்குகள் எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்தது அது. கடையில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ‘ஒரே இறைச்சி’ப் பைகளின் கதை இன்னும் மோசம். மான் இறைச்சியால் செய்தவை என்று விற்ற நான்கு தீவனங்களை 2011-இல் சோதித்தபோது, மூன்றில் உறையில் எழுதாத சோயா இருந்தது; ஒன்றில் மாட்டிறைச்சி. ஒரே ஆலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தீவனங்கள் ஓடும்போது இது நேர்கிறது. ‘தானியமில்லாதது’ என்ற விருது தாங்கிய பைகளோ, ஒவ்வாமை கொண்ட நாய்களில் நூற்றுக்கு இரண்டை மட்டுமே தொந்தரவு செய்த அரிசிக்கும் பயந்து, பருப்பும் பட்டாணியும் நிரப்பிக்கொண்டு வருகின்றன. அப்படிப்பட்ட தீவனங்களுக்கும் நாய்களின் இருதயத் தசை தளரும் ஒரு வியாதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018 ஜூலையில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்து விசாரணை தொடங்கியது.

பூனையின் விஷயத்தில் நம் பொது அபிப்பிராயம் இன்னும் கொடுமையானது. பூனைக்கு மீன் என்பது நமக்கு ஒரு வேதவாக்கியம். மேற்சொன்ன 2016 தொகுப்பில் ஒவ்வாமை நிரூபணமான 78 பூனைகளில் மாட்டிறைச்சிக்கு அடுத்தபடியாக, நூற்றுக்கு 17 வீதம் நின்றது மீனே. கோழி நூற்றுக்கு ஐந்துதான். கழுத்திலும் முகத்திலும் தினை தினையாகப் பொருக்கு கட்டிய பூனைக்கு, கோழியை நிறுத்தி நெத்திலிச் சோற்றைத் தொடர்வது எத்தகைய வைத்தியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தயிர்சாதத்துக்கு மாற்றுவதோ பாதகம். மாமிசத்தில் மட்டுமே போதிய அளவில் உள்ள டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண் குருடாகும், இருதயம் தளரும் என்று நிரூபணமாகி, 1987 முதல் தீவனங்களில் அதைக் கூட்டிச் சேர்க்கிறார்கள். பத்தியம் என்று சொல்லிப் பூனையைப் பட்டினி போடவும் கூடாது. பிடிக்காத உணவை நாலைந்து நாள் தொடாமல் கிடந்த பூனைக்கு ஈரலில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்து வருகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நம் மரபின் பத்தியத்தையேதான், அதன் முழுக் கண்டிப்போடு செய்ய வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில், ஐந்து வாரத்தில் ஐந்தில் நான்குக்கும், எட்டு வாரத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றுக்கும் குணம் தெரிந்துவிடும் என்பது கணக்கு. நம் மண்டலம் 48 நாள். இதற்கு அதைவிட எட்டு நாள் கூட வேண்டும். முதலில் உண்ணியும் தெள்ளும் ஒழிய வேண்டும், காதும் தோலும் சீராக வேண்டும். பிறகு, அந்த நாய் இதுவரை உண்ணாத ஓர் இறைச்சியும், உண்ணாத ஒரு கிழங்கும், உப்பும் வெங்காயமும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்தது, வேறு எதுவுமில்லை. கோழிக்குப் பதில் காடை போடுகிறேன் என்பவர்கள், அவ்விரண்டும் உறவுக்காரப் பறவைகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் பக்கத்து நாய்களில் பலவற்றுக்குப் பன்றிக்கறியும் முயல்கறியும் புதியவை. அவற்றை விரும்பாத வீடுகளுக்குத்தான் மருத்துவர் எழுதித்தரும் சிதைத்த புரதத் தீவனம் உதவும். வளரும் குட்டிகளுக்கு இந்த வீட்டுச் சமையல் போதாது. பெரிய நாய்க்கும் இரண்டு மாதத்துக்கு மேல் போதாது. இதே காரணத்தால்தான் வருஷக்கணக்கான தயிர்சாதம் தீங்கு செய்கிறது: புரதமும் துத்தநாகமும் குறைந்த உடம்பில் மயிர் மங்கி, தோல் செதில் செதிலாக உரிய, அதையும் ஒவ்வாமை முற்றியதாகவே எண்ணி இன்னும் கண்டிப்பாகத் தயிர்சாதம் போடுகிறார்கள்.

பத்தியம் முறிவது அடுப்பங்கரையிலன்று. காலை காபியின்போது தாத்தா உடைத்துப் போடும் அரை மேரி பிஸ்கட்டில் முறிகிறது. மாத்திரையைப் பொதிந்து கொடுத்த பேடாவில் முறிகிறது. இறைச்சி வாசனை ஊட்டிய உண்ணி மாத்திரையிலேயே முறிகிறது. ஒரு துண்டு பிஸ்கட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு, அந்தத் துண்டில் கோதுமையும் பாலும் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. 1903-இல் தொடங்கி, இன்று வேப்பேரியில் நடந்து வரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் காட்டுப்பாக்கத்தில் பன்றிப் பண்ணையோடு இயங்கும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் நம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நம் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எட்டு வாரப் பத்திய அட்டவணை ஒன்றைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் தொங்கவிட்டால், தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் எத்தனை பிராணிகள் உறங்கும் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமை மிகுகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் ராணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. பழுப்பு உடம்பு, நான்கு பாதமும் வெள்ளை. அந்த வெள்ளைப் பாதங்கள் விரலிடுக்குகளில் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறியிருந்தன. ஓயாமல் நக்கியதால் எச்சில் ஏறிய நிறம். “கோழியை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு சார், தயிர்சாதத்தைத் தவிர வேற ஒண்ணும் போடறதில்லை, இன்னும் அடங்கலையே,” என்று அந்த அம்மையார் கண் கலங்கிச் சொன்னார். வெள்ளைத் துணியில் கறை விழவில்லை. மருத்துவரின் மேற்பார்வையில் பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தொடங்கின. அம்மையார் காலண்டரில் நாளுக்கு ஒரு புள்ளி வைத்தார். பேரன் பிஸ்கட் டப்பாவைப் பரணில் ஏற்றினான். ஆறாம் வாரத்தில் விரலிடுக்கில் புதிதாக முளைத்த மயிர் வெள்ளையாக இருந்தது. ஐம்பத்தேழாம் நாள், எல்லாரும் பயந்துகொண்டிருக்க, வேகவைத்த கோழித் துண்டுகளைத் தட்டில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் கொடுத்தும் ஒன்றும் நேரவில்லை. அதை நிறுத்திச் சில நாள் விட்டு, தினம் ஒரு கரண்டித் தயிர் கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் பேசாமல் அதை ராணியின் பக்கம் நீட்டினார். அந்த நிசப்தத்தில், பாதத்தை நக்கும் ஓசை இடைவிடாமல் கேட்டது.